மூன்றாம் ஆண்டின் குருத்து: இந்தியப் பங்களாத் தோட்டங்களும் அஸ்பாரகஸும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலகாபாத்திலோ மீரட்டிலோ பணியமர்த்தப்பட்ட ஆங்கிலேய அதிகாரி ஒருவர், தம் பங்களாவின் பின்புறத் தோட்டத்தில் அஸ்பாரகஸ் பயிரிட எண்ணினால், அவருக்கு முன்னிருந்த வேலைகளின் வரிசை நீளமானது. விதை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து சேர வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் அதில் ஒரு பகுதி வழியிலேயே முளைப்புத்திறனை இழந்திருக்கும். எஞ்சியதை நீரில் ஊறவைத்து நாற்றங்காலில் இட்டால், முளை தலைகாட்டவே மூன்று வாரங்கள் ஆகலாம். நூலிழை போன்ற மெல்லிய பச்சையுடன் அந்நாற்று ஓராண்டு அதே இடத்தில் நிற்கும். பிறகு ஆழமாகப் பள்ளம் பறித்து, அடியில் மக்கிய தொழு உரத்தைக் கனமாகப் பரப்பி, அதன்மேல் சிறு மண்மேடு அமைத்து, சிலந்தியின் கால்களைப் போல் விரியும் வேர்களை அம்மேட்டின் இருபுறமும் சரியவிட்டு நட வேண்டும். இவ்வளவும் செய்த பின்னரும் எழுகின்ற குருத்துகளை ஒடிக்கக் கூடாது. அவை வளர்ந்து, கிளைத்து, மயிலிறகுபோல் விரிந்து, மஞ்சளாகி உலரும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விதை ஊன்றி மூன்றாண்டுகள் கழிந்த பின்னரே, அதுவும் இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டும், குருத்துகளை அறுத்து உணவு மேசைக்கு அனுப்பலாம். அந்த மூன்றாம் ஆண்டு நிறைவதற்குள் பெரும்பாலும் அவ்வதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கும்.

காலனியத் தாவர வரலாறு என்றதும் தேயிலை, சின்கோனா, அவுரி, ரப்பர் ஆகியவையே பேசப்படுகின்றன. பேரரசின் கணக்குப் புத்தகத்தில் இடம்பெற்ற பயிர்கள் அவை. ஆவணங்களும் அவற்றுக்கே மிகுதி. வீட்டின் பின்புறத்தில், சமையலறைக்கும் குதிரைக் கொட்டடிக்கும் இடையிலிருந்த காய்கறிப் பாத்திகளைப் பற்றி எழுதியோர் குறைவு. ஆயினும் இன்று இந்தியச் சந்தைகளில் குவிந்து கிடக்கும் காலிஃபிளவர், முட்டைக்கோஸ், பீன்ஸ், பீட்ரூட் முதலியவற்றின் வரலாற்றில் பெரும்பகுதி அப்பாத்திகளின் வழியேதான் செல்கிறது. தமிழ்நாட்டுச் சந்தையில் அவற்றுக்கு இன்றும் ‘இங்கிலீஷ் காய்கறி’ என்றே பெயர். வங்கத்தில் தக்காளியை நெடுங்காலம் ‘பிலாத்தி பேகுன்’, அதாவது சீமைக் கத்தரிக்காய், என்று அழைத்தனர். இப்படி வந்தவற்றுள் சில நாட்டுக் காய்களாகவே மாறிவிட்டன. அஸ்பாரகஸ் மாறவில்லை. ஆங்கிலேயர் மிகவும் விரும்பிய காய்களுள் ஒன்றான அது மட்டும் ஏன் பங்களா வேலியைத் தாண்டவில்லை என்ற கேள்விக்கு வெப்பத்தைக் காரணமாகச் சொல்வது எளிய விடை. ஆனால் அது பாதி விடைதான்.

முதலில் செடியின் இயல்பைக் காண வேண்டும். அஸ்பாரகஸின் உணவுப்பகுதி, மண்ணிலிருந்து எழும் இளந்தண்டு. அதன்மேல் முக்கோணச் செதில்கள் போல ஒட்டிக்கொண்டிருப்பவையே உண்மையான இலைகள். பின்னர் ஊசி ஊசியாக விரியும் பசுமை, இலையின் வேலையைச் செய்யும் தண்டுப்பகுதி. அப்பசுமை சூரிய ஒளியில் ஆக்கும் உணவு, தூரைச் சுற்றியுள்ள சதைப்பற்றான வேர்களில் சேர்கிறது. அடுத்த வசந்தத்தில் எழும் குருத்து இச்சேமிப்பிலிருந்து பிறப்பது. சேமிப்பு நிரம்பும் முன் அறுத்தால் வேர் மெலியும். தொடர்ந்து அறுத்தால் செடி மாண்டுபோகும். பொறுத்திருந்தவருக்கோ பதினைந்து, இருபது ஆண்டுகள் வரை அதே தூர் பலன் தரும். குளிரோ வறட்சியோ ஆண்டுக்கொருமுறை அதற்கு உறக்கத்தைத் தர வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. ஐரோப்பாவில் பனிக்காலம் அவ்வுறக்கத்தைத் தருகிறது. கங்கைச் சமவெளியின் மெல்லிய குளிரில் அது அரைத்தூக்கமே. வங்காளத்தின் ஈரத்தில் அதுவும் குறைவு. இவற்றுக்கு மேலாக, மழைக்காலத்தில் பள்ளத்தில் நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகவே இங்கிலாந்தில் பள்ளமாகப் பறித்த அதே பாத்தியை இங்கே மேட்டுப் பாத்தியாக உயர்த்தவும், மழை ஓய்ந்த பின் நீரை நிறுத்திச் செடியைச் செயற்கையாக உறங்கவைக்கவும் ஒருவர் கற்றிருக்க வேண்டும். இவை புத்தகத்தில் இருந்த வித்தைகள் அல்ல. ஒரே மண்ணை ஆண்டுக்கணக்கில் பார்த்தவருக்கு வசப்படுபவை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அஸ்பாரகஸ் இந்தியாவுக்குப் புதிய பேரினமே அன்று. பங்களாவுக்குள் ஒருவர் கப்பல் விதையை ஊறவைத்துக்கொண்டிருந்த அதே வேளையில், சுற்றுப்புற வேலிகளிலும் புதர்க்காடுகளிலும் அதன் உறவுக்கொடி முள்ளோடு படர்ந்து, வெண்ணிறச் சிறுபூக்களை மணக்கமணக்கச் சொரிந்துகொண்டிருந்தது. வடமொழியில் சதாவரி, தமிழில் தண்ணீர்விட்டான் கிழங்கு. தூரிலிருந்து கொத்தாகத் தொங்கும் நீர்ப்பற்று மிகுந்த கிழங்குகளே அதன் அடையாளம். நூறு வேர் உடையது என்னும் பொருளில் ‘சதமூலி’ என்றும், பல மக்களைப் பெற்றவள் என்னும் பொருளில் ‘பகுசுதா’ என்றும் அமரகோசம் அதற்குப் பெயர்கள் தருகிறது. சரகரும் சுசுருதரும் அறிந்த மருந்துச்சரக்கு அது. பெண்களுக்கான மருந்துகளில், குறிப்பாகத் தாய்ப்பால் சுரக்கக் கொடுப்பவற்றில், அதற்குத் தனியிடம் உண்டு. ஐரோப்பியத் தாவரவியல் வரிசையில் அது சேர்ந்தது 1799-இல். வில்டெனோ என்னும் ஜெர்மானிய அறிஞர் அதற்கு ‘அஸ்பாரகஸ் ரெசிமோசஸ்’ எனப் பெயரிட்டார்.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இக்கொடி ஐரோப்பிய அச்சில் ஏறிவிட்டது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில், மலையாளப் பெயர் ஏறத்தாழ அப்படியே ஒலிக்க ‘சதாவேலிக் கிழங்கு’ என்று அதன் படம் உள்ளது. அந்நூலில் மற்றொரு சிறப்பும் உண்டு. தகவல் தந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் பெயரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய கொங்கணி அறிஞர்களின் பெயர்களும் அவர்கள் தந்த சான்றுரைகளுடன் முதல் தொகுதியிலேயே அச்சாகியுள்ளன. அடுத்த இரு நூற்றாண்டுகளில் இந்தியாவில் எழுந்த தோட்டக்கலை நூல்களைப் புரட்டும்போது, இந்த ஒரு பண்பு எவ்வளவு அரிதாகிவிட்டது என்பது புலப்படும்.

உறவுக்கொடியின் குருத்தை உண்ணும் வழக்கமும் இந்நாட்டில் இருந்தது. இமயத்தின் அடிவாரங்களில், குமாவுன் முதல் நேபாளம், டார்ஜீலிங் வரை, காட்டு அஸ்பாரகஸ் இனங்களின் இளங்குருத்துகளைப் பறித்துப் பொரியலாக்குவது மலைமக்களின் பழக்கம். நேபாளியில் அதற்குக் ‘குரிலோ’ என்று பெயர். இன்று ஐரோப்பிய அஸ்பாரகஸையும் அம்மொழி அதே சொல்லால்தான் அழைக்கிறது. இதைக்கொண்டு ஆங்கிலேயரை அறியாமைக்காரர் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. காட்டுக்குருத்து மெலிந்தது, சற்றுக் கசப்பானது, முற்றினால் முள்ளாகிவிடுவது. விரற்கடைப் பருமனில், வெண்ணெய் உருகி வழிய, வெள்ளித்தட்டில் வைக்கப்படும் பண்டத்தைத் தேடியவருக்கு அது ஈடாகாது. அவர்கள் தேடியது ஒரு காயை மட்டும் என்றும் சொல்ல முடியாது. ஊரை விட்டு வந்தவர் ஊரின் பருவத்தைத் தட்டில் காண விரும்பினர்.

அந்த ஏக்கத்தை மிகத் தெளிவாகக் காட்டும் மனிதர் வில்லியம் கேரி. 1793-இல் வங்காளம் வந்த பாப்டிஸ்ட் மறைப்பணியாளரான இவர், 1834-இல் செராம்பூரில் இறக்கும் வரை ஒருமுறைகூட இங்கிலாந்து திரும்பவில்லை. விவிலிய மொழிபெயர்ப்புக்கும் அச்சகத்துக்கும் நடுவே, ஹூக்ளி ஆற்றங்கரையில் ஏறத்தாழ ஐந்து ஏக்கரில் தோட்டமொன்றை வளர்த்தார். ராக்ஸ்பரோவின் ‘ஹோர்த்துஸ் பெங்காலென்சிஸ்’ 1814-இல் செராம்பூர் அச்சகத்தில் வெளிவந்தது இவர் முயற்சியால்தான். இங்கிலாந்திலிருந்து வந்த விதைப்பையொன்றைத் தோட்டத்தின் நிழல் மூலையில் உதறியபோது, சில நாள்களில் அங்கே ஒரு டெய்சி முளைத்ததாம். வயல்வரப்பில் கால்படும் எளிய பூ அது. ஆனால் முப்பதாண்டுகளாக அதைக் காணாத கேரிக்கு அது பெருமகிழ்ச்சி. அச்செய்தியை அவர் கடிதத்தில் எழுத, ஜேம்ஸ் மான்ட்கோமரி அதைக் கவிதையாக்கினார். வங்கத்தின் கோடையில் டெய்சி பிழைக்காது. எனவே ஆண்டுதோறும் விதை சேர்த்து மீண்டும் விதைத்து அதைக் காப்பாற்றி வந்தார் கேரி. 1823-இல் தாமோதர் ஆற்றின் வெள்ளம் அவர் தோட்டத்தைச் சிதைத்தது, மீண்டும் அமைத்தார். தமக்குப் பின் தோட்டத்தில் மாடுகளை மேயவிட்டுவிடுவார்களோ என்ற கவலை இறுதிநாள்களில் அவரிடம் இருந்ததாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். முப்பதாண்டுகளுக்கும் மேலாக ஓரிடத்தில் தங்கியவரின் கவலை அது. கேரியைப் போலத் தங்கியவர்கள் மிகக் குறைவு.

1820-இல் கல்கத்தாவில் வேளாண்–தோட்டக்கலைச் சங்கம் தோன்றியதும் கேரியின் முயற்சியே. ராதாகாந்த தேவ், ராம்கமல் சென் முதலிய வங்காளப் பெருமக்களும் அதில் பங்கேற்றனர். இங்கிலாந்து, நன்னம்பிக்கை முனை, அமெரிக்கா ஆகிய இடங்களிலிருந்து விதை தருவித்து உறுப்பினர்களுக்குப் பங்கிடுவது சங்கத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்று. வடக்கே, 1817 முதல் கம்பெனியின் பொறுப்பிலிருந்த சகாரன்பூர்த் தாவரவியல் பூங்காவும் இதே பணியைச் செய்தது. பின்னாளில் ரெடிங் நகரின் சட்டன் போன்ற விதை நிறுவனங்கள் காற்றுப்புகாத தகரப் பெட்டிகளில் விதையடைத்து நேரே பங்களாக்களுக்கு அனுப்பின. 1884-இல் தொடங்கிய பூனாவின் போச்சா நிறுவனமும் இவ்வணிகத்தில் இடம்பிடித்தது.

கல்கத்தாச் சங்கம் காய்கறிக் கண்காட்சிகள் நடத்திப் பரிசுகள் வழங்கியது. பரிசு பெற்றோர் வரிசையில் தோட்ட உரிமையாளர் மட்டும் இல்லை. மாலிகளும், அதாவது தோட்டக்காரர்களும், இருந்தனர். நல்ல காலிஃபிளவரையும் பட்டாணியையும் கொண்டுவந்து வைத்தவருக்குப் பணப்பரிசு கிடைத்தது. தங்கள் பாத்தியில் விளைந்ததைத் தங்கள் பொருளாக வைத்துப் பரிசு வாங்கும் வாய்ப்பு இதனால் அவர்களுக்குக் கிட்டியது. காய்கறி வரலாற்றில் இது சிறிய செய்தி அன்று. பங்களாவின் அன்றாடத்தில் மாலிக்கு அப்படியொரு இடம் இருக்கவில்லை. அங்கே அவர் காலையில் ‘டாலி’ எனப்படும் கூடையில் அன்றைய காய்களையும் பூக்களையும் அடுக்கி வராந்தாவில் வைப்பவர். கல்கத்தாவில் இவர்களுள் பலர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். வடக்கே கோயரி, காச்சி முதலிய காய்கறிச் சாகுபடிச் சமூகத்தினரும் இத்தொழிலில் இருந்தனர்.

1860-களில் ஃபர்மிஞ்சர் என்னும் வங்காளப் பாதிரியார் எழுதிய தோட்டக்கலைக் கையேடு இந்த வகை நூல்களுள் மிகவும் புகழ்பெற்றது. திருத்தப்பட்ட பதிப்புகளாக நூறாண்டுக்கும் மேல் வழக்கில் இருந்தது. பூனா அருகே கணேஷ்கிந்த் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர் உட்ரோ எழுதிய ‘இந்தியாவில் தோட்டக்கலை’ மற்றொன்று. விதை எப்போது ஊன்றுவது, எவ்வளவு நீர், எந்த உரம் என்பவற்றை இவை நேர்த்தியாகச் சொல்லும். மழை ஓய்ந்து அக்டோபரில் தொடங்கி, கிறிஸ்துமஸில் உச்சம் கண்டு, மார்ச்சின் வெயிலில் கருகி முடியும் ஒரு ‘குளிர்காலத் தோட்டம்’ இந்நூல்களின் அடிப்படை அலகு. அந்த ஆறு மாதங்களுக்குள் பிறந்து முடியும் பயிர்களே பங்களாவுக்குப் பொருந்தின. ஏப்ரலில் குடும்பம் மலைக்குப் போய்விடும். அடுத்த அக்டோபரில் அவர்கள் அதே வீட்டுக்குத் திரும்புவார்கள் என்பதற்கு உறுதியில்லை. குடியிருந்தவர்கள் பழமரம் நடுவதிலும் அக்கறை காட்டவில்லை; நட்டவர் உண்பதில்லை, அடுத்தவரே உண்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அஸ்பாரகஸ் பாத்தி என்பது அடுத்து வரும் அதிகாரிக்கு எழுதிவைக்கும் சொத்து. வந்தவருக்கு அதில் ஆர்வம் இல்லையெனில், டென்னிஸ் மைதானத்துக்காக அது கொத்தி எறியப்படலாம்.

மாறாமல் இருந்தவர் மாலி ஒருவரே. அதிகாரிகள் மாறினாலும் பெரும்பாலும் அதே மாலி அதே கிணற்றிலிருந்து அதே வாய்க்காலில் நீர் பாய்ச்சினார். மண்ணின் எந்த மூலையில் நீர் தேங்கும், கரையான் எங்கே ஏறும், எப்போது பனி விழும் என்பவை அவருக்குத் தெரியும். காலனியக் காலத் தோட்ட எழுத்துகளிலோ அவர் சோம்பேறி, விதை திருடுபவர், சொன்னதைப் புரிந்துகொள்ளாதவர் என்ற புலம்பலே திரும்பத் திரும்ப வருகிறது. விதை திருட்டு என்று குறிக்கப்பட்டவற்றுள் எத்தனை உண்மையில் விதை சேமிப்பாக இருந்திருக்கும் என்று யோசிப்பது பயனுள்ளது. மாலியின் கோணத்திலிருந்து பார்த்தால், அஸ்பாரகஸில் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை. அதை அவர் வீட்டில் உண்பதில்லை, ஊர்ச்சந்தையில் வாங்குவாரில்லை, மூன்றாண்டுகள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். வந்து போகும் அதிகாரிக்காக அதைக் காத்து நிற்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

இதே காலத்தில், உட்ரோவின் தோட்டம் இருந்த அதே பூனாவில், மாலி சாதியில் பிறந்த ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். ஜோதிராவ் ஃபுலே (1827–1890) குடும்பத்தின் பெயரே பூ வணிகத்திலிருந்து வந்தது. பேஷ்வாக்களுக்குப் பூ வழங்கிய குடும்பம் அது. தந்தை காய்கறி விற்றவர். 1883-இல் ஃபுலே எழுதிய ‘ஷேத்கர்யாச்சா ஆசூட்’, உழவனின் சாட்டை என்னும் நூல், உழவரின் வறுமைக்குச் சாதியதிகாரமும் அரசு நிர்வாகமும் எவ்வாறு காரணமாகின்றன என்று விரிவாகப் பேசுகிறது. வனத்துறை மேய்ச்சல் நிலங்களைப் பறித்துக்கொண்டதையும், மலைச்சரிவின் சத்துள்ள வண்டல் வீணே ஓடிப்போவதையும், அதைத் தடுத்து வயலில் சேர்க்கச் சிறு அணைகள் கட்ட வேண்டும் என்பதையும் அதில் காணலாம். தோட்டக்கலைக் கையேடுகளில் குறைகாணப்படும் பொருளாக மட்டும் தோன்றும் மாலிச் சமூகத்தின் மண்ணறிவு, அரசுக்கு எதிரான வாதமாக எழுந்து நிற்கும் அரிய ஏடு அது. உட்ரோவின் நூலும் ஃபுலேயின் நூலும் ஒரே நகரில், ஒரே தலைமுறையில் எழுந்தவை. ஒன்றை வாசித்தவர் மற்றொன்றையும் உடன்வைத்து வாசிப்பது நலம்.

மாலிகளும் காய்கறிச் சாகுபடியாளர்களும் தமக்குப் பயன்படும் பயிரை என்ன செய்தார்கள் என்பதற்குக் காலிஃபிளவரே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த இதுவும் குளிரை வேண்டும் பயிர்தான். குளிர் போதாவிட்டால் பூ திரளாது. வட இந்தியச் சமவெளியில் விதைத்த நூறு செடிகளில் சில மட்டும் வெப்பத்தையும் மீறிச் சீக்கிரமே சிறிய பூவைத் திரட்டியிருக்கும். அத்தகைய செடிகளை விதைக்கு விட்டவர்கள் யார் என்று பதிவேடுகள் சொல்வதில்லை. ஏன் விட்டார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று: பருவத்துக்கு முன் சந்தைக்கு வரும் பூவுக்கு விலை அதிகம். பாட்னா, பெனாரஸ், ஹாஜிப்பூர் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக இத்தெரிவு நடந்தது. ஆண்டுக்கொரு தலைமுறை வீதம் நூறாண்டுகளில், ஐரோப்பிய மூதாதையரிடமிருந்து வேறுபட்ட புதிய வகையே உருவாகிவிட்டது. இளமஞ்சள் நிறம், சற்றுத் தளர்ந்த கட்டு, கடுமையான மணம், வெப்பத்திலும் திரளும் பூ: இவையே அதன் குணங்கள். ‘முன்பருவப் பாட்னா’, ‘முன்பருவ பெனாரஸ்’ என்ற பெயர்களுடன் அதே சட்டன் நிறுவனம் பின்னர் இவ்விதைகளைத் தன் பட்டியலில் விற்றது. இங்கிலாந்திலிருந்து விதை வந்த பாதையில், பெயரளவிலேனும் இந்திய ஊர்கள் ஏறிக்கொண்டன. விஷ்ணு ஸ்வரூப், சாட்டர்ஜி ஆகியோர் 1972-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இந்திய வகையின் தோற்றத்தைத் தெளிவாக்கியது. இன்று வெப்பம் தாங்கும் காலிஃபிளவரை உருவாக்க முனைவோர்க்கு இந்த இந்திய வகை இன்றியமையாத மூலப்பொருள்.

அஸ்பாரகஸுக்கு இது நிகழ்ந்திருக்க முடியுமா? ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. விதையிலிருந்து தெரிவு செய்ய ஒவ்வொரு சுற்றுக்கும் பல ஆண்டுகள். காலிஃபிளவருக்கு நூறு தலைமுறை கிடைத்த காலத்தில் இதற்கு இருபத்தைந்துகூடக் கிடைக்காது. அதற்கும் யாரேனும் ஒருவர் அதே நிலத்தில், சொந்த ஆதாயத்தோடு, தங்கியிருக்க வேண்டும். தங்கியவருக்கு ஆதாயமில்லை, ஆதாயம் கண்டவர் தங்கவில்லை.

எனவே பெருவிருந்துகளில் அஸ்பாரகஸ் தகரடப்பாவிலிருந்துதான் வந்தது. 1878-இல் சென்னையில் ‘வைவெர்ன்’ என்னும் புனைபெயரில் சமையல் நூல் எழுதிய கர்னல் கென்னி–ஹெர்பர்ட், டப்பா உணவின் மேலுள்ள இம்மோகத்தைக் கடிந்துகொண்டவர். சந்தையில் கிடைக்கும் புதிய காயைப் பக்குவமாகச் சமைப்பதே மேல் என்பது அவர் கட்சி. மலைவாழிடங்களில் நிலை வேறு. உதகமண்டலத்துத் தாவரவியல் பூங்காவே, அங்குக் குடியிருந்த ஐரோப்பியர் நியாய விலையில் காய்கறி பெறுவதற்காக மாதம் 3 ரூபாய் சந்தா சேர்த்துத் தொடங்கிய தோட்டத்திலிருந்து வளர்ந்ததுதான். 1848-இல் கியூ தோட்டத்திலிருந்து மெக்ஐவர் வந்த பிறகு அது வேறு வடிவம் பெற்றது.

இரண்டாம் உலகப்போரில் கப்பல் விதை நின்றபோது இந்தச் சார்பின் முழு அளவும் வெளிப்பட்டது. குளிர்நாட்டுக் காய்கறி விதையை உள்நாட்டிலேயே ஆக்கும் முயற்சி பலூசிஸ்தானின் குவெட்டாவில் முறையாகத் தொடங்கியது. பிரிவினையால் குவெட்டா பாகிஸ்தானில் சேர, அப்பணி குலு பள்ளத்தாக்குக்கும் காஷ்மீருக்கும் நகர்ந்தது. குலுவில் காத்ராயின் என்னுமிடத்தில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் இன்றும் இவ்விதைப் பணியைச் செய்கிறது. ‘பெர்ஃபெக்‌ஷன்’ என்ற அஸ்பாரகஸ் வகை அங்கிருந்து பரிந்துரைக்கப்பட்டது. குளிரில்லாத நிலத்திலும் அஸ்பாரகஸ் விளைவிக்க வழியுண்டு என்பதைத் தைவானும் தாய்லாந்தும் காட்டிவிட்டன: ஒவ்வொரு தூரிலும் மூன்று நான்கு தண்டுகளைத் தாய்த்தண்டாக வளரவிட்டு, அவை ஊட்ட ஊட்டப் புதிதாக எழும் குருத்துகளை மட்டும் அறுப்பது. உறக்கத்தை எதிர்பார்க்காத முறை இது. மாடித்தோட்டத்தில் பெரிய தொட்டிகளில் முயல்வோர்க்கும் இதுவே ஏற்றது. தாய்த்தண்டு மஞ்சளாகத் தொடங்கும்போது அடுத்ததை விட்டு, பழையதை அடியோடு நீக்க வேண்டும். தொட்டியில் நீர் தேங்கலாகாது.

இதற்கிடையே அதே பேரினத்தின் தென்னாப்பிரிக்க உறவுகள் இந்திய வீடுகளுக்குள் ஓசையின்றி நுழைந்துவிட்டன. ‘அஸ்பாரகஸ் ஃபெர்ன்’ என்ற பெயரில் நாற்றுப்பண்ணைகளில் விற்கப்படும் மென்மையான தொட்டிச்செடி பெரணி அன்று, அதுவும் அஸ்பாரகஸே. பூங்கொத்துகளில் ரோஜாவுக்குப் பின்னால் செருகப்படும் பச்சையும் அதுதான். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பது நல்லது. அதன் சிவந்த கனிகள் உண்ணத்தக்கவை அல்ல.

வேலியில் நின்ற சதாவரியின் கதை மாறியது அண்மையில்தான். மருந்து நிறுவனங்களின் தேவை பெருகப் பெருக, மத்திய இந்தியக் காடுகளில் கோண்டு, பைகா முதலிய பழங்குடியினர் தோண்டிச் சேர்க்கும் கிழங்கு வணிகச் சரக்கானது. 2000-இல் அமைந்த தேசிய மூலிகைத் தாவர வாரியம் அதன் சாகுபடியை ஊக்குவிக்கிறது. ஆயினும் காட்டிலிருந்து வருவது நிற்கவில்லை. கிழங்கை வேகவைத்து, தோலுரித்து, உலர்த்தி மூட்டையாக்குகின்றனர். ஒரு தூரிலிருந்து முதிர்ந்த கிழங்குகளை மட்டும் பிரித்தெடுத்து, மொட்டுள்ள நடுப்பகுதியைச் சில வேர்களோடு மீண்டும் புதைத்து மண் அணைத்தால், அடுத்த மழையில் அது துளிர்க்கும். ஏறத்தாழ இரண்டாண்டுகளில் மீண்டும் கிழங்கு தரும். சேகரிப்போருள் மூத்தவர்களுக்கு இது தெரியாததன்று. ஆனால் இவர் புதைத்துவிட்டுப் போன தூரை மறுவாரம் வேறொருவர் தோண்டுவார். காடு யாருடையது என்ற கேள்விக்கு அங்கே இன்னும் விடையில்லை. வாரச்சந்தையில் தரகர் எடைக்கு மட்டுமே விலை தருகிறார்; தூரைப் புதைத்துவிட்டு வந்த கிழங்குக்கும், வேரோடு பிடுங்கிய கிழங்குக்கும் தராசில் ஒரே படிக்கல்தான்.